பழையன கொள்ளல்

பழையன கழியும் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. கழிந்த பழையன எங்கே செல்கின்றன என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளை வளர்ந்துவிட, அவனுக்குச் சிறுத்துப்போன காற்சட்டை. புதிய கதிரை வந்ததும் மூலைக்குத் தள்ளப்பட்ட பழைய கதிரை. பாட்டனார் படித்து முடித்த நூல்கள். துணை உடைந்துபோக ஒற்றையாய் நிற்கும் பீங்கான் கோப்பை. இவையெல்லாம் ஒரு வீட்டினின்றும் நீங்கிய அன்றே பயன் ஒழிந்தனவாகி விடுகின்றனவா? இல்லை. ஒருவருக்கு முடிந்துபோன பொருள் இன்னொருவருக்குத் தொடங்குகின்றது. அத்தொடக்கத்திற்கு இடமாக அமைந்த கடைகளைப் பற்றியும், அங்கே பொருள் வாங்குவதிலுள்ள இன்பத்தைப் பற்றியும், அவ்வின்பத்துக்கு அடிப்படையாயுள்ள ஓர் அறத்தைப் பற்றியும் இன்று சிறிது பேசலாம்.

பழைய பொருள் விற்குங் கடைகள் உலகெங்கும் உள்ளன. அவற்றை இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவகைக் கடையில் வணிகன் பழைய பொருளை விலை கொடுத்து வாங்கி, இலாபம் வைத்து விற்கிறான். மற்றை வகையிலே, பொருளை உடையவர் அதனை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். கடை அதனைக் குறைந்த விலைக்கு விற்கிறது. கிடைக்கும் பணம் ஏதேனும் ஓர் அறப்பணிக்குச் செல்கிறது. இந்த இரண்டாம் வகைக் கடையை இங்கிலாந்தில் ‘சரிட்டி’ கடை என்றும், அமெரிக்காவில் ‘திரிப்ட்’ கடை என்றும் வழங்குவர். முன்னது அறக்கொடை என்னும் பொருளது. பின்னது சிக்கனம் என்னும் பொருளது. சிக்கனத்தைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல், செழித்தல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடையது என்பது கருதத்தக்கது. சிக்கனம் என்பது வாடி வதங்குதல் அன்று. உள்ளதைக் கொண்டு செழித்தல். நமது வசதிக்காக இக்கடையை ‘அறக்கடை’ என்றே அழைப்போம்.

அறக்கடை பிறந்த கதை பெருநகரங்களின் வறுமையோடு தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரம் பெருஞ்செல்வம் குவிந்த நகரமாகவும், அதே வேளையிற் கொடிய வறுமை குடிகொண்ட நகரமாகவும் இருந்தது. இரட்சணிய சேனையைத் தோற்றுவித்த வில்லியம் பூத் என்பார், 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், வீடுகளிற் கழித்துவிடப்படும் துணி, சப்பாத்து, கடதாசி, போத்தல் முதலியவற்றை வீடு வீடாகச் சென்று திரட்டும் படையொன்றை அமைக்கவேண்டும் என்று திட்டம் வகுத்தார். வேலையற்றோரே அப்படையினர், கழிவுப்பொருளே அவர்களுக்கு மூலதனம். ஒருபுறம் வீணாகும் பொருள், மறுபுறம் வீணாகும் மனிதன். இரண்டையும் ஒன்றுசேர்த்தால் இரண்டும் பயன்படும் என்பது அவருடைய கணக்கு.

அமெரிக்காவிலே பொஸ்டன் நகரில், 1902 ஆம் ஆண்டில், எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்த குருவானவர் இக்கணக்கை வேறொரு வகையாற் செய்து காட்டினார். அவர் பணியாற்றிய பகுதியில் வாழ்ந்தோரிற் பலர் பிழைப்புத் தேடிப் பிறநாடுகளிலிருந்து வந்த ஏழைகள். அவர் சாக்குப்பைகளை எடுத்துக்கொண்டு செல்வர் வாழுந் தெருக்களுக்குச் சென்று, பழைய உடைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் கேட்டு வாங்கி வந்தார். அவற்றை அப்படியே ஏழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. வேலையில்லாதவர்களைக் கொண்டு கிழிந்தவற்றைத் தைப்பித்து, உடைந்தவற்றைத் திருத்துவித்து, பின்னர் அவற்றைச் சிறு விலைக்கு விற்றார். விற்ற பணத்திலிருந்து வேலை செய்தோருக்குக் கூலி கொடுத்தார். இன்று ‘குட்வில்’, அஃதாவது நல்லெண்ணம், என்னும் பெயரோடு அமெரிக்கா முழுவதும் கிளைவிட்டிருக்கும் நிறுவனத்தின் தோற்றுவாய் அந்தச் சாக்குப்பையே.

மூன்றாவது கதை போரிலே பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிரேக்க நாடு அச்சு நாடுகளின் பிடியிலே இருந்தது. நேச நாடுகளோ அங்கே சரக்குக் கப்பல்கள் செல்லாதவாறு கடல்வழியை அடைத்திருந்தன. இடையில் அகப்பட்ட மக்கள் பட்டினியால் மடிந்தனர். அவர்களுக்கு உணவனுப்ப வழிவிடவேண்டும் என்று வற்புறுத்துவதற்காக, 1942 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரத்திலே குருமாரும் அறிஞரும் நகரத்தவருமாகச் சிலர் கூடி ஒரு குழுவை அமைத்தனர். பஞ்ச நிவாரணத்துக்கான அந்த ஒக்ஸ்போட் குழுவே பின்னர் ‘ஒக்ஸ்பாம்’ என்று பெயர் சுருங்கிப் புகழ் பெருகியது. 1948 ஆம் ஆண்டில் அக்குழு ஒக்ஸ்போட் நகரின் ‘புரோட்’ வீதியில் ஒரு கடையைத் தொடங்கிற்று. மக்கள் கொடுத்த பழைய பொருள்களை விற்றுப் பணமாக்குவதே கடையின் நோக்கம். அடுத்த ஆண்டில் யோ மிட்டி என்பவர் அங்கே சம்பளம் பெறும் முதல் ஊழியராகச் சேர்ந்தார். மக்கள் எதனைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதனை விரும்பும் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்நம்பிக்கை வீண்போகவில்லை. இன்று பிரித்தானியாவில் வெவ்வேறு சங்கங்கள் நடத்தும் அறக்கடைகளின் தொகை பத்தாயிரத்தை அண்டியுள்ளது. அவற்றிற் பணிபுரிவோரிற் பெரும்பாலோர் கூலி பெறாத தொண்டர்கள். சங்கங்கள் உள்ளூர் மன்றத்துக்குச் செலுத்தவேண்டிய கட்டிட வரியில் 80 சதவீதம் தள்ளுபடி செய்யப்படுகின்றது.

இங்கே ஒரு கேள்வி எழும். இலவசமாக வந்த பொருளை ஏழைக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டால் என்ன? அதற்கு ஏன் ஒரு விலை? இதற்கு விடை காண்பது அறக்கடையின் உட்பொருளைக் காண்பதாகும். இலவசமாகப் பெறுபவன் கொடுத்ததைப் பெற்றுக்கொள்ள வேண்டியவன். நிறம் பிடிக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வாயில்லை. அளவு பொருந்தவில்லை என்றால் நன்றியற்றவன் என்ற பெயர் வரும். விலை கொடுப்பவனுடைய நிலை வேறு. விலை எத்துணைச் சிறியதாயினும், அதைக் கொடுக்க முன்வந்தவன் வாடிக்கையாளன். அவன் பொருளை எடுத்துப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம், பிடிக்காவிடின் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியேறலாம். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை வறியவனிடமிருந்து முதலிற் பறிபோகும் உரிமை. அதனை அவனுக்கு மீட்டுக் கொடுத்ததே அறக்கடை செய்த பெரிய காரியம். அக்கடையின் வரிசையிலே தேவையால் வந்தவரும் இரசனையால் வந்தவரும் ஒருவர் பின் ஒருவராக நிற்கின்றனர். எவர் எதற்காக வந்தார் என்று எவரும் கேட்பதில்லை.

இனி, இக்கடைகளிற் பொருள் வாங்குவதிலுள்ள இன்பத்துக்கு வருவோம். முதலாவது இன்பம் எதிர்பாராமை. புதுப்பொருள் விற்குங் கடையில் ஒரே வகைச் சட்டை பத்து அளவுகளில், ஐந்து நிறங்களில் அடுக்கப்பட்டிருக்கும். இன்று வாங்காவிடின் நாளை வாங்கலாம். இந்தக் கடையில் இல்லையாயின் அடுத்த கடையில் உண்டு. அறக்கடையில் ஒவ்வொரு பொருளும் தனிப்பொருள். யாரோ ஒருவர் இல்லத்தில் நேற்றுவரை இருந்த அரிக்கன் விளக்கும், கம்பளிச் சட்டையும், பாதி தீர்ந்த நூற்கண்டும், படம் வரைந்த தட்டும் ஒரே மேசையில் அருகருகே கிடக்கும். அங்கே இன்னதுதான் வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டு செல்பவர் ஏமாறுவார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு செல்பவருக்கே கடை தன்னைக் காட்டும். சில நாள்களில் ஒன்றும் அகப்படாது. அகப்படாத நாள்கள் இருப்பதனாலேயே அகப்பட்ட நாளுக்கு ஒரு சுவை உண்டாகின்றது.

இரண்டாவது இன்பம் இதனிலும் ஆழமானது. அது தன் அறிவைத் தானே பயன்படுத்தும் இன்பம். புதுக்கடையிலே பொருளின் தரத்தைப் பற்றி விளம்பரம் பேசுகிறது, பெட்டி பேசுகிறது, விலைச்சீட்டும் பேசுகிறது. விலை கூடியது நல்லது என்று நாம் நம்பிவிடுகிறோம். அறக்கடையிலோ பெட்டி இல்லை, விளம்பரம் இல்லை, நல்ல பொருளும் தாழ்ந்த பொருளும் ஏறக்குறைய ஒரே விலையில் தொங்குகின்றன. அங்கே பேசவேண்டியவர் வாங்குபவரே. துணியைத் தொட்டுப் பார்க்கும் விரலும், தையலை நோக்குங் கண்ணும் அவருடையனவாக இருத்தல் வேண்டும். நம் பாட்டிமார் சந்தையிலே மண்பானை வாங்கும்போது அதனைச் சுண்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டு, பிறகே விலை பேசினர். அந்தச் செவியறிவு இன்று நம்மிற் பலருக்கு இல்லை. அதனை மீண்டும் பயிலும் பள்ளிக்கூடம் பழைய பொருட்கடை எனலாம்.

பழைய பொருள் வாங்குவதில் ஏமாற்றம் நேருமே என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. ஜோர்ஜ் அக்கர்லோவ் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை ஆராய்ந்து 1970 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பழுதுள்ள வண்டியை அமெரிக்கர் ‘எலுமிச்சம்பழம்’ என்று இகழ்ந்துரைப்பர். நம்மவரோ புதிய வண்டி வாங்கியதும், அதற்குத் தீங்கு வாராதிருக்கச் சில்லின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவர். தேசந்தோறும் பழத்தின் பொருள் வேறுபடுகின்றது! அது நிற்க. அக்கர்லோவ் கூறியது இதுவே: வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே, வாங்குபவன் எல்லா வண்டிகளையும் ஐயுற்றுக் குறைந்த விலையே தருவான். அவ்விலைக்கு நல்ல வண்டியை உடையவன் விற்க முன்வரமாட்டான். முடிவிலே சந்தையில் எஞ்சுபவை பழுதான வண்டிகளே. இக்கருத்துத் தொடங்கிவைத்த ஆராய்ச்சிக்காக 2001 ஆம் ஆண்டில் அவரும் வேறிருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அறக்கடை இந்தப் பொறியினின்றும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பொருளைக் கொடுத்தவருக்கு அதனால் ஒரு சதமும் வருவதில்லை. ஆகவே, குறையை மறைத்து விற்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. கடையிலிருக்குந் தொண்டருக்கும் அப்பொருளைப் பற்றி நம்மிலும் மிகுதியாக ஒன்றுந் தெரியாது. பொருள் பழுதானது என்பதற்காகவன்றி, வீடு மாறியதற்காகவும், உடல் பருத்ததற்காகவும், இரசனை மாறியதற்காகவும் பொருள்கள் அங்கே வந்து சேர்கின்றன. ஆதலால் விற்பவரும் வாங்குபவரும் ஏறக்குறையச் சம அறிவோடு, அன்றேற் சம அறியாமையோடு, எதிரெதிரே நிற்கின்றனர். இவ்வாறான கொடுக்கல் வாங்கல் வணிக உலகில் அரிது.

ஆயினும் சில நுட்பங்களை அறிந்திருத்தல் நன்று. உடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடங்கள் தெரியும். கழுத்துப்பட்டி, கையின் விளிம்பு, முழங்கை, அக்குள், காற்சட்டையின் இருக்கைப் பகுதி ஆகிய இடங்களே முதலில் தேய்வன. உடையின் உட்புறத்தைப் புரட்டித் தையலை நோக்குதல் வேண்டும். மடிப்புக்குள் துணி தாராளமாக விடப்பட்டிருந்தால் அதனைத் தைத்தவர் அது நீண்டகாலம் உழைக்கவேண்டும் என்று கருதியவர். பீங்கானை நகத்தாற் சுண்டினால், நல்லதாயின் மணிபோல ஒலிக்கும். கீறல் இருந்தால் ஓசை மழுங்கும். மரச்சாமானின் இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து, மூலைகள் ஆணியடித்துச் சேர்க்கப்பட்டனவா, கோத்த விரல்கள்போல ஒன்றினுள் ஒன்று பொருந்தியனவா என்று காணவேண்டும். துளைகளிலிருந்து புதிய உளுமா கொட்டுமாயின் அதனை வீட்டுக்குள் கொண்டுவருதல் தகாது. பிறர் பாதத்துக்கேற்ப அடி தேய்ந்த சப்பாத்தும், முன்பு மோதுண்டதோ என்று அறியமுடியாத தலைக்கவசமும் எத்துணை மலிவாயினும் வாங்கத்தக்கன அல்ல. மின்சாரப் பொருளைத் தக்கவர் சோதித்துப் பார்த்த பின்னரே கொள்ளவேண்டும். பிரித்தானியாவில், தீ எளிதிற் பற்றாதது என்று காட்டும் அடையாளச் சீட்டு இல்லாத மெத்தையிருக்கைகளை அறக்கடைகள் விற்பதில்லை. 1988 ஆம் ஆண்டின் விதிகள் அத்தகைய இருக்கைகள் தீயை எதிர்க்குந் தன்மை உடையனவாயிருத்தலை வேண்டுகின்றன.

மூன்றாவது இன்பம் முன்னையோரின் சுவடு. இது பழைய நூல்களிலே மிகுதி. முதற்பக்கத்தில் ஒரு பெயர், ஒரு தேதி, ‘அன்புத் தங்கைக்கு’ என்று ஒரு வரி. ஓரங்களில் பென்சிற் குறிப்பு. நடுவில் உலர்ந்த இலை. புதிய நூலில் ஆசிரியர் ஒருவரே பேசுவார். பழைய நூலில் அதனை முன்பு படித்தவரும் உடன் பேசுவார். ஒக்ஸ்பாம் நிறுவனம் நூல்களுக்கென்றே ஒக்ஸ்போட் நகரில் 1987 ஆம் ஆண்டில் ஒரு தனிக்கடை திறந்ததும், அத்தகைய கடைகள் பின்னர் பெருகியதும் இவ்வின்பத்தின் வலிமையைக் காட்டும். நமது தலைநகரிலும் மருதானைப் பகுதியில், முன்னர் மக்கலம் வீதி என்று வழங்கிய டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தையின் ஓரத்திலே, பழைய நூற்கடைகள் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளன. அவை அறக்கடைகள் அல்ல, வணிகக் கடைகளே. ஆயினும், புதிய நூலின் விலையைக் கேட்டுத் திகைத்த எத்தனையோ மாணவர்க்கு அவை வழிகாட்டியுள்ளன.

ஆனால், பழைய நூலைத் தயங்காமல் வாங்கும் நம் நாட்டவர் பழைய உடையென்றால் முகஞ்சுளிக்கின்றனர். அது யாருடையதோ, நோயாளியுடையதோ, இறந்தவருடையதோ என்னும் ஐயம் எழுகின்றது. பழைய உடையைக் கொடுப்பதற்கு நமக்குத் தயக்கம் இல்லை, வாங்குவதற்குத்தான் தயக்கம். அண்ணனின் சட்டை தம்பிக்கு வருவதும், அக்காவின் பாவாடை தங்கைக்கு வருவதும் நம் இல்லங்களில் என்றும் உள்ளதே. ஆகவே, நாம் வெறுப்பது பழைமையை அன்று, அறியாதவருடைய பழைமையை. அந்த வெறுப்பும் எல்லாப் பொருளிடத்தும் ஒரேதன்மையாய் இல்லை. முன்பின் அறியாத ஒருவரின் சட்டையை அணிய மறுக்கும் அதே மனிதர், முன்பின் அறியாத யப்பானியர் ஒருவர் ஓட்டிக் கழித்த மோட்டார் வண்டியைக் கடன்பட்டேனும் வாங்கி, மாலை சூட்டிக் கோயிலுக்குக் கொண்டுசெல்கிறார். சட்டையைச் சவர்க்காரமும் கொதிநீரும் வெயிலும் தூய்மையாக்கும். மனத்திலுள்ள கறைக்குத்தான் வேறு மருந்து வேண்டும்.

தேவை வந்தபோது நம்மவர் பழைய பொருளின் அருமையை நன்கு உணர்ந்தனர் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர், போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல், மின்கலம் முதலியன செல்வது நின்றுபோயிற்று. அக்காலத்திலே 1950களில் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. மின்கலம் இல்லாத வீடுகளிலே சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பழைய இயந்திரத்தின் எளிய அமைப்பும், அதனைத் திருத்தத் தெரிந்த கையும் ஒருசேர இருந்தமையால் அது இயன்றது. திருத்தத்தக்கதாகச் செய்யப்பட்ட பொருளுக்கே இரண்டாம் வாழ்வு உண்டு என்பதை அவ்வாண்டுகள் கற்பித்தன.

இந்த உண்மையே இன்று அறக்கடைகளுக்கு ஓர் இடுக்கணை உண்டாக்கியுள்ளது. அறக்கடைக்கு வரும் பொருளெல்லாம் அங்கே விலைப்படுவதில்லை. பின்னறையிலே தொண்டர்கள் பைகளைப் பிரித்து, நல்லவற்றைத் தெரிந்து, நீராவியாற் சுருக்கம் நீக்கித் தொங்கவிடுவர். சில வாரங்களில் விலைப்படாதது வேறு கிளைக்கோ, அன்றித் துணிகளைத் தரம்பிரிக்கும் நிலையத்துக்கோ செல்லும். ஒக்ஸ்பாம் நிறுவனம் 1974 ஆம் ஆண்டில் யோக்சயரிலுள்ள ஹடர்ஸ்பீல்ட் நகரில் அத்தகைய நிலையம் ஒன்றை அமைத்தது. அந்த இடம் பொருத்தமானது. அதற்கு அயலிலுள்ள பட்லி என்னும் ஊரிலேதான், பழைய கம்பளித் துணியைப் பிய்த்து நாராக்கி மீண்டும் நெய்யும் முறையைப் பெஞ்சமின் லோ என்பவர் 1813 ஆம் ஆண்டளவிற் கண்டுபிடித்தார். அத்துணிக்கு ‘ஷொடி’ என்று பெயர். காலப்போக்கில் ஆங்கிலத்திலே தரங்குறைந்த எதற்கும் அதுவே பெயராயிற்று.

இவ்வாறு மேல்நாடுகளில் எஞ்சும் உடைகளுட் பெரும்பகுதி பொதிகளாகக் கட்டப்பட்டு ஆபிரிக்காவுக்கும் பிற இடங்களுக்கும் கப்பலேறுகின்றது. கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவிலுள்ள ‘கன்டமன்டோ’ சந்தை இத்தகைய சந்தைகளுட் பெயர்பெற்றது. அங்கே பழைய உடைக்கு வழங்கும் பெயர் ‘ஒப்ரோனி வாவு’. இறந்துபோன வெள்ளையரின் உடை என்பது அதன் பொருள். இத்தகைய நல்லுடையை உயிரோடுள்ளவர் எவரும் கழித்திருக்க மாட்டார் என்று அந்நாட்டவர் தொடக்கத்தில் எண்ணினர் போலும்! இன்று அந்நிலை மாறிவிட்டது. சந்தையின் வியாபாரி பொதியைப் பிரித்துப் பாராமலே முழு விலை கொடுத்து வாங்குகிறார். பிரித்த பின்னரே அதனுள் இருப்பது பொன்னோ குப்பையோ என்பது தெரியவரும். இருமுறை தோய்த்ததும் உருக்குலையும் மலிவுச் சட்டைகள் பெருகப் பெருக, பொதியில் விற்கத்தகாத பங்கும் மிகுகின்றது. அது நகரத்தின் கால்வாய்களிலும் கடற்கரையிலும் போய்ச் சேர்கின்றது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெருந்தீயில் அச்சந்தையின் பெரும்பகுதி எரிந்துபோனபோது, ஆயிரக்கணக்கான சிறுவியாபாரிகளும் தையற்காரரும் பிழைப்பிழந்து நின்றனர். பழைய உடை அவர்களுக்குச் சுமையும் ஆயிற்று, சோறும் ஆயிற்று.

சில நாடுகள் இவ்வெள்ளத்துக்கு அணைகட்ட முயன்றன. ருவண்டா அரசு உள்நாட்டு நெசவையும் தையலையும் வளர்க்கும் நோக்கத்தோடு, 2016 ஆம் ஆண்டில் பழைய உடைமீது கிலோகிராமுக்கு 20 அமெரிக்கச் சதமாக இருந்த தீர்வையை 2 டொலர் 50 சதமாக உயர்த்திற்று. அதற்கு எதிர்நடவடிக்கையாக, ருவண்டாவின் உடைகள் தீர்வையின்றித் தன் நாட்டுக்குள் வர அளித்திருந்த சலுகையை 2018 ஆம் ஆண்டில் அமெரிக்கா நிறுத்திவைத்தது. ஒரு வீட்டில் வேண்டாம் என்று கழிக்கப்பட்ட சட்டை இரு நாடுகளுக்கிடையே வழக்காக மாறியதைக் காண்கிறோம். பொஸ்டன் நகரத்து ஏழைக்கு அறக்கடை மீட்டுக் கொடுத்த ‘வேண்டாம்’ என்னும் சொல், ஒரு நாடு சொல்ல முற்படும்போது இத்துணை விலையுடையதாகி விடுகின்றது.

மேல்நாட்டு அறக்கடைகளுக்குள்ளேயும் இன்னொரு மாற்றம் நிகழ்கின்றது. பழைய பொருள் வாங்குவது நாகரிகமாகிவிட்டது. வசதியுள்ள இளைஞர் பழைய பாணி உடைகளைத் தேடிச் செல்கின்றனர்; சிலர் நல்லவற்றை எல்லாம் வாங்கி இணையத்திலே கூடிய விலைக்கு மறுவிற்பனை செய்கின்றனர். விலைகள் ஏறிவிட்டன என்னும் முறைப்பாடு எழுகின்றது. வசதியுள்ளோர் அங்கே போகலாகாது என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் வருவதனாலேயே கடையின் வருவாய் பெருகுகின்றது. அவர்கள் வருவதனாலேயே ஏழையும் தலைநிமிர்ந்து அக்கடைக்குள் நுழைகின்றான். ஏழைகள் மட்டும் செல்லுங் கடையாயின் அதன் வாசலே ஒரு முத்திரையாகிவிடும். ஆயினும், மாரிக்காலத்தில் ஒரே ஒரு மேற்சட்டை தேடி வந்த தாயின் முன்னே, பத்து மேற்சட்டையுடையவர் பதினோராவதை எடுத்துக்கொள்வது நயத்தக்க செயலன்று. இரசனைக்கு வாங்குவோர் அழகுப் பொருளையும் அரும்பொருளையும் நாடட்டும். குளிரைத் தடுக்கும் எளிய உடையைத் தேவைக்கு வாங்குவோருக்கு விட்டுவைக்கட்டும். சட்டத்தால் வகுக்க இயலாத இவ்வெல்லையை வாங்குவோர் தாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வளவுஞ் சொன்னபின், அறக்கடையின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். அது விற்பவரிடத்திலும் இல்லை, வாங்குபவரிடத்திலும் இல்லை, கொடுப்பவரிடத்திலேயே இருக்கிறது. நல்லதைக் கொடுத்தால் அதனைத் தேடிக் கண்டெடுக்கும் இன்பம் ஒருவருக்கு உண்டாகும். அவர் கொடுத்த பணம் இன்னொருவர் பசியைத் தணிக்கும். பொருளும் தன் ஆயுளை நிறைவு செய்யும். குப்பையைக் கொடுத்தால், நாம் செய்யவேண்டிய துப்புரவு வேலையைத் தொண்டர்மீதும், கடல்கடந்த ஒரு வியாபாரிமீதும் சுமத்தியவர்களாவோம். அதனை அறம் என்று சொல்லிக்கொள்ளும் குற்றமும் நம்மைச் சாரும்.

எனவே, நேயர்களே, அடுத்த முறை அலுமாரியைத் திறந்து ஓர் உடையைக் கழிக்க எண்ணும்போது, அதன் பொத்தான் கழன்றிருந்தால் அதனைத் தைத்துவிடுங்கள். கறை இருந்தால் தோய்த்துவிடுங்கள். பின்னர் அதனை ஒரு முறை கையில் ஏந்தி, இது ஒரு கடையில் தொங்கினால் நான் விலை கொடுத்து வாங்குவேனா என்று உங்களையே கேளுங்கள். ஆம் என்று விடை வருமாயின் அதனைக் கொடுங்கள். இல்லை என்று விடை வருமாயின் அடுக்களைத் துணியாகவோ தரை துடைக்கும் துணியாகவோ அது உங்கள் வீட்டிலேயே இன்னுஞ் சிலகாலம் உழைக்கட்டும்.